வந்த வீடியோ உண்மையா என்று என்னைப் போன்ற ஆள் எப்படிப் பார்ப்பது?

பவர்டேபிள்காரன் (திருப்பூர்) கேட்டது:

வணக்கம்ங்க. பன்னிரண்டு தையல் மெஷின் போட்டு, ஜாப் ஒர்க் எடுத்து ஓட்டுகிறவன் நான். படிப்பு பத்தாவது. தமிழ் நன்றாகப் படிப்பேன், ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், இந்தி சுத்தமாகத் தெரியாது. டெய்லர், செக்கிங், கைமடி எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். அதில் ஒன்பது பேர் பீகாரும் ஒடிசாவும்.

போன சனிக்கிழமை சம்பளம் போட்டுக்கொண்டிருந்தேன். ஓவர்லாக் (ஓரம் தைக்கிற மெஷின்) ஓட்டுகிற பீகார் பையன் கவரை வாங்கிப் பணத்தை எண்ணாமல் போனை நீட்டினான். ஒரு ஆளைக் கம்பத்தில் கட்டிவைத்து நாலு பேர் அடிக்கிறார்கள். ஒரே இரைச்சல், என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை. கீழே இந்தியில் ஏதோ எழுத்து. "தமிழ்நாடுன்னு போட்டிருக்கு ஓனர். அம்மா போன்ல அழுவுது, ஊருக்கு வந்துடுன்னு சொல்லுது" என்றான். நான் வழக்கம்போல, "எல்லாம் பொய்டா, போய் வேலையைப் பாரு" என்றேன். அவன் நகரவில்லை. "பொய்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான்.

சத்தியமாக என்னிடம் பதில் இல்லை. வரிசையில் பின்னால் நின்ற எட்டுப் பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

2023 மார்ச்சில் ஒரு முறை இப்படி அடிபட்டவன் நான். தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோ சுற்றிய சமயம். அப்போது என்னிடம் இருந்த ஆறு பேர் ஒரே ராத்திரியில் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள். ஹோலியும் அதே வாரம், அதனால் ஸ்டேஷன் நிரம்பி வழிந்தது. டிஜிபி சைலேந்திர பாபு அதெல்லாம் பொய் என்று பேசிய வீடியோவை அவர்களிடம் காட்டினேன். "போலீஸ் அப்படித்தான் சொல்லும்" என்று ஒருவன் சொல்லிவிட்டுக் கிளம்பினான். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஷிப்மென்ட் தள்ளிப்போய், எனக்கு ஆர்டர் கொடுத்தவரிடம் கை கட்டி நின்றது தனிக் கதை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். திருப்பூர் மாவட்டத்தில் 30 லட்சம் வடமாநிலத்தவர் குடியேறிவிட்டார்கள், இனி இது நம் ஊர் இல்லை என்று ஒரு மெசேஜ் வந்தது. மச்சான் அனுப்பினார். நான் படித்துவிட்டு எங்கள் பங்காளிகள் குரூப்பில் போட்டேன். என் யூனிட்டில் ஒன்பது பேருக்கு நானே சம்பளம் போடுகிறேன், நானே இதையும் அனுப்புகிறேன். அனுப்பும்போது அது உறுத்தவே இல்லை. அந்தப் பையன் கேட்ட பிறகுதான் உறுத்துகிறது.

கேள்வி இதுதான். பெரிய படிப்பு இல்லாத ஆள், கையில் ஒரு போன், ராத்திரி பத்து மணிக்கு மேல் கிடைக்கிற அரை மணி நேரம். இதை வைத்து எப்படிச் சரிபார்ப்பது? "நம்பகமான ஊடகத்தைப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எது நம்பகம் என்று தெரிந்தால் இங்கே வந்து கேட்க மாட்டேன்.

டீ பாய்லர் சொன்னது:

சிம்பிள் பாஸ். வாட்ஸ்அப்பைத் தூக்குங்க. நான் தூக்கி ஒரு வருஷம் ஆச்சு, பிபி குறைஞ்சிருக்கு.

பவர்டேபிள்காரன் சொன்னது:

ஆர்டர் வருவதே வாட்ஸ்அப்பில்தான்ங்க.

பழைய டெஸ்க் (மதுரை) சொன்னது:

தம்பி, ஒரு தமிழ் நாளிதழில் முப்பத்தோரு வருடம் துணையாசிரியராக இருந்தவன் நான். இப்போது ஓய்வு. எந்தப் பத்திரிகை என்பது இங்கே முக்கியமில்லை.

உங்கள் பையன் கேட்டானே, அது எங்கள் சீஃப் சப் (தலைமைத் துணையாசிரியர்) தினமும் ராத்திரி எங்களைக் கேட்ட கேள்வி. பகுதி நேர நிருபர் போனில் செய்தி சொல்வார், நாங்கள் எழுதிக்கொண்டு போய் நீட்டுவோம். அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "யார் சொன்னது? அவர் பார்த்தாரா, கேட்டாரா?" என்பார். பதில் தெரியாமல் எழுதிய செய்தியை வைத்துவிட்டு நகர முடியாது. அதனால் அந்தப் பையன் மேல் கோபப்படாதீர்கள். டெஸ்க்குக்கு எடுக்கலாம் அவனை.

நான் செய்த தப்பு ஒன்றைச் சொன்னால் உங்களுக்கு வழி புரியும். 1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. பிள்ளையார் பால் குடித்த நாள். டெல்லியில் விடிவதற்குள் தொடங்கியது, அன்றைக்கே நாடு முழுக்கப் பரவி, வெளிநாட்டுக் கோயில்கள் வரை போய்விட்டது. அப்போது ஏது வாட்ஸ்அப்? எஸ்டிடி பூத்தும் லேண்ட்லைனும்தான். டெஸ்க்கில் போன் ஓயவில்லை. நிருபர் அனுப்பிய காப்பியில், "சிலை பால் குடிப்பதாகப் பக்தர்கள் கூறினர்" என்று ஒழுங்காகத்தான் இருந்தது. தலைப்புக்கு எனக்குக் கொடுத்த இடம் கொஞ்சம். "பால் குடித்தார் பிள்ளையார்" என்று வெட்டிப் போட்டேன். அச்சுக்குப் போய்விட்டது. டெல்லியில் அறிவியல் துறை விஞ்ஞானிகள் பாலில் நிறம் கலந்து செய்து காட்டினார்கள். கரண்டி விளிம்பு சிலையைத் தொட்டதும் பரப்பு இழுவிசையில் பால் இழுபட்டு, மெல்லிய படலமாகச் சிலை மேலேயே வழிந்து கீழே போகிறது. வெள்ளைப் பளிங்கில் வெள்ளைப் பால் வழிந்தால் கண்ணுக்குத் தெரியாது, நிறம் கலந்தால் தெரிகிறது. அந்த விளக்கத்தை நாங்கள் எங்கே போட்டோம்? உள்பக்கத்தில், ஒற்றைப் பத்தியில், ஒரு வேட்டி விளம்பரத்துக்கு மேலே.

நான் வெட்டியது "பக்தர்கள் கூறினர்" என்ற இரண்டு சொல். அதோடு செய்தியே மாறிவிட்டது.

இதற்கு நம் மொழியில் இரண்டே எழுத்தில் ஒரு வசதி இருக்கிறது. "அடித்தார்கள்" வேறு, "அடித்தார்களாம்" வேறு. நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதைச் சொல்கிறேன் என்பதை அந்த "ஆம்" சொல்லிவிடும். ஒரு கை மாறும்போது அது இருக்கும். நாலாவது கையில் உதிர்ந்துவிடும். சரிபார்ப்பது என்றால் அது எந்தக் கையில் உதிர்ந்தது என்று பின்னால் நடந்து போய்ப் பார்ப்பது, அவ்வளவுதான்.

2023 விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று சுற்றிய துணுக்குகளில் பலதும் நிஜ வீடியோதான். சண்டை நிஜம், ரத்தம் நிஜம். உங்கள் தொழில் பாஷையில் சொன்னால் பீஸ் சரி, லேபிள்தான் மாறியிருந்தது. டிஜிபி பொய் என்று சொன்ன இரண்டு வீடியோவில் ஒன்று பீகார் தொழிலாளர்கள் இரண்டு கோஷ்டியாகத் தங்களுக்குள் போட்ட சண்டை. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். மூன்றாவதாக ஒன்று சுற்றியது, அது ராஜஸ்தானில் ஜோத்பூரில் பிப்ரவரியில் நடந்த கொலை. உங்கள் ஊர்த் தண்டவாளத்தில் ஒரு தொழிலாளி இறந்து கிடந்ததையும் கொலை என்று பரப்பினார்கள், சிசிடிவியைப் பார்த்தால் ரயில் மோதியது தெரிந்தது. ஸ்டேஷன் கூட்டம் நிஜம். ஆனால் மார்ச் 8 ஹோலி.

அதே வருடம் ஜனவரியில் எதிர்ப்பக்கத்து வீடியோ ஒன்று ஓடியது, ஞாபகம் இருக்கிறதா? வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழர்களைத் துரத்துகிற மாதிரி, அதுவும் திருப்பூரில். நடந்தது உண்மைதான். டீக்கடையில் தொடங்கிய சின்னத் தகராறு, சில நாள் பழசு. அதை "ஊரையே பிடித்துவிட்டார்கள்" என்ற தலைப்போடு விட்டார்கள். நீங்கள் அனுப்பிய 30 லட்சமும் இந்த ஜாதிதான். ஒரே பொய் இரண்டு மொழியில் ஆளுக்குத் தகுந்த மாதிரி உடுப்பு மாற்றி வருகிறது.

சரி, கைவேலைக்கு வருவோம். வீடியோவை ஓடவிட்டு, அடிக்கிற ஆளைப் பார்க்காதீர்கள். கண் அங்கேதான் போகும், அதற்காகத்தான் எடுத்தார்கள். இரண்டாம் முறை பின்னணியை மட்டும் பாருங்கள். கடைப் பலகை எந்த எழுத்து? பஸ் என்ன நிறம்? போலீஸ் நின்றால் என்ன தொப்பி? வண்டி நம்பர் தெரிகிறதா? திருப்பூர் வடக்கு டிஎன் 39, தெற்கு டிஎன் 42 என்று உங்களுக்கே தெரியும். சிந்திக் கிடக்கிற டீக் கப், சுவரில் ஒட்டிய போஸ்டர், ஸ்வெட்டர் போட்ட ஆள், இதெல்லாம் பேசும். தெளிவாக இருக்கிற இடத்தில் நிறுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கிற எழுத்தை வெட்டி எடுத்துவிட்டு, படத்தைக் கூகுள் லென்ஸில் (படத்தை வைத்தே தேடுகிற வசதி) போடுங்கள். ஒரே படம் போதாது, மூன்று நான்கு இடத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். நீங்கள் தேடுவது ஒரே விஷயம்: இதே காட்சி இதற்கு முன்னால் எப்போதாவது, வேறு பெயரில் வந்திருக்கிறதா? போன வாரம் நடந்த சம்பவம் என்கிறார்கள், படம் இரண்டு வருடத்துக்கு முன்பே இருக்கிறது என்றால் கதை முடிந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் உண்மை என்று அர்த்தம் இல்லை, தெரியவில்லை என்று அர்த்தம். அதைத் தெரியவில்லை என்றே அவனிடம் சொல்லுங்கள்.

வெட்டப்பட்ட வாலையும் தேடுங்கள். 2018-ல் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நாடெங்கும் வெறி பிடித்ததே, அப்போது சுற்றிய வீடியோவில் பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் பையனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். அசலில் அந்த இருவரும் திரும்பி வந்து பையனை இறக்கிவிட்டு, குழந்தைக் கடத்தல் பற்றி எச்சரிக்கிற அட்டையைக் காட்டுவார்கள். கடைசிச் சில நொடியை யாரோ கத்தரித்துவிட்டார்கள். அந்த மே மாதம் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு வயதான அம்மாவை ஊர் கூடி அடித்துக் கொன்றது. குலதெய்வம் கும்பிடச் சென்னையிலிருந்து வந்தவர்.

இப்போது பொய் இல்லாத சாய்வு. இது இன்னும் கஷ்டம், ஏனென்றால் ஒவ்வொரு வரியும் உண்மையாகவே இருக்கும். நான் முப்பது வருடம் அதைச் செய்த இடத்தில் உட்கார்ந்திருந்தவன், தந்திரம் தெரியும். விகுதியைப் பாருங்கள். சைக்கிள் திருடியவன் "சிக்கினான்", கோடிக்கணக்கில் ஏமாற்றியவர் "கைது செய்யப்பட்டார்". இரண்டு பேர் மேலும் குற்றம் நிரூபணம் ஆகவில்லை, ஆனால் ஒருவருக்கு "ஆர்" விகுதி, இன்னொருவனுக்கு "ஆன்". அப்புறம், செயின் பறித்தவன் உள்ளூர் என்றால் "வாலிபர் கைது", வெளியூர் என்றால் "வடமாநில வாலிபர் கைது". உள்ளூர் ஆளுக்கு யாராவது "தமிழ்நாட்டு வாலிபர்" என்று போடுகிறோமா? ஒரே போராட்டத்தை "கூலி உயர்வு கேட்டு மூன்றாம் நாளாகப் போராட்டம்" என்றும் எழுதலாம், "போக்குவரத்து முடங்கியது, பொதுமக்கள் அவதி" என்றும் எழுதலாம். பிடித்த தலைவர் "விளக்கம் அளித்தார்", பிடிக்காதவர் "மழுப்பினார்". தலைப்பின் வாலில் கேள்விக்குறி இருந்தால், எங்களிடம் ஆதாரம் இல்லை, ஆனால் போட ஆசை என்று வாசியுங்கள். "என்று கூறப்படுகிறது" என்றால் யார் கூறியது என்று ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். பாதி நேரம் அந்த "யாரோ" நாங்களேதான்.

டிவி சேனல் பெயரில் வருகிற நியூஸ் கார்டு பற்றி ஒன்று. லோகோ இருக்கிறது என்று நம்ப வேண்டாம், லோகோவை எந்தக் கம்ப்யூட்டர் சென்டரிலும் ஒட்டலாம். எழுத்துரு வழக்கமாக வருவதுதானா, தேதி இருக்கிறதா, "ன"வும் "ண"வும் சண்டை போடுகிறதா என்று பாருங்கள். முடிவாக அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தில் அதே தேதியில் அந்தக் கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

நீளமாகிவிட்டது. பழக்க தோஷம், இங்கே இடக் கட்டுப்பாடு இல்லை.

புத்தக அடுக்கு சொன்னது:

டெஸ்க் ஐயா சொன்னதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா. நான் ஒரு கல்லூரியில் நூலகர்.

நம்மில் பலரும் ஒரு பக்கத்தைச் சந்தேகப்பட்டால் அந்தப் பக்கத்தையே இன்னும் உற்றுப் படிப்போம். "எங்களைப் பற்றி" என்ற பகுதியைப் படித்துவிட்டுப் பரவாயில்லை என்று நினைப்போம். திருடனிடமே அவன் நல்லவனா என்று கேட்கிற மாதிரி. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற இருவர் இதைச் சோதித்து 2017-ல் எழுதினார்கள். 45 பேர்: 10 பேர் வரலாற்றுப் பேராசிரியர்கள், 10 பேர் தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 பேர் மாணவர்கள். குழந்தை மருத்துவர்களுக்கான இரண்டு அமைப்புகளின் பக்கங்களைக் காட்டி, எது நம்பகம் என்று கேட்டார்கள். ஒன்று 1930 முதல் இருக்கிற, அறுபதாயிரம் பேருக்கு மேல் உறுப்பினராக உள்ள அமைப்பு. மற்றது அதிலிருந்து 2002-ல் கருத்து வேறுபாட்டில் பிரிந்த சின்னக் குழு. பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும், இரண்டு பக்கமும் பார்க்க ஜோர். டாக்டர் பட்டம் வாங்கிய பேராசிரியர்களே தடுமாறினார்கள். பக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்து வடிவமைப்பையும் அடிக்குறிப்பையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் வந்தவுடனே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, பக்கத்து டேப்பில் அந்த அமைப்பின் பெயரைப் போட்டு, மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். நேரமும் குறைவு, விடையும் சரி.

பெண் பார்க்கப் போகிற இடத்தில் நாம் செய்வதுதானே இது. அந்த வீட்டில் காபி குடித்துவிட்டு, விசாரிப்பது தெருமுனைக் கடையில். செய்திக்கு மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம்.

உங்கள் 30 லட்சத்துக்கு வருகிறேன். எந்த எண் வந்தாலும் "மொத்தம் எவ்வளவு?" என்று முதலில் கேளுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருப்பூர் மாவட்டத்தின் மொத்தமே 24.79 லட்சம். தாத்தா, பாட்டி, கைக்குழந்தை, உங்கள் பங்காளிகள் எல்லாரையும் சேர்த்து. 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த வருடம் நடக்கவில்லை, இடையில் கூடியிருக்கும், சரி. கூடினாலும் அன்றிருந்த மொத்த மாவட்டத்தைவிட அதிகமாக ஒரு கூட்டம் புதிதாக வந்திருந்தால் அவர்கள் எங்கே தூங்குகிறார்கள், எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள்? உங்கள் ஊர்த் தண்ணீர் லாரிக்காரரைக் கேட்டாலே சொல்லிவிடுவார்.

"நான் கண்ணால் பார்க்கிறேனே, பஸ் ஸ்டாண்டு பூரா அவங்கதான்" என்று உங்கள் மச்சான் சொல்வார். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, லாண்டன் ஜெயிப்பார் என்று சொன்னது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ல் ஜெயித்தார். முகவரி எடுத்தது டெலிபோன் டைரக்டரியிலும் கார் பதிவுப் பட்டியலிலும். பொருளாதாரம் படுத்துக் கிடந்த அந்தக் காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர்கள் யார்? போதாததற்கு, பதில் போட்டவர்கள் அதிலும் கால்வாசிப் பேர்தான். எத்தனை பேரைக் கேட்டாய் என்பதைவிட எங்கே நின்று கேட்டாய் என்பது பெரிது. ஹோலி வாரத்தில் ரயில்வே ஸ்டேஷனில் நின்று எண்ணினால் திருப்பூரே பீகாருக்குப் போகிற மாதிரிதான் தெரியும்.

நெடுங்குன்றம்வாசி சொன்னது:

எல்லாரும் பொய்யை நம்பிய கதை சொல்கிறீர்கள். நான் உண்மையைப் பொய் என்று சொல்லி மூக்குடைந்தவன்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். ராத்திரி மழையில் ரோட்டைக் கடக்கிற முதலை வீடியோ எங்கள் அபார்ட்மென்ட் குரூப்பில் வந்தது. பெருங்களத்தூர் பக்கம் என்று போட்டிருந்தது. 2015 வெள்ளத்தின்போது வந்த அத்தனை பழைய வீடியோக்களையும் பார்த்துச் சலித்திருந்த நான், "ஃபேக். ஏதோ அமெரிக்கா வீடியோ. பரப்பாதீர்கள்" என்று பெரிய மனுஷன் மாதிரி போட்டேன். பதினாறு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். மறுநாள் பார்த்தால் நிஜம். வனத்துறைச் செயலாளர் சுப்ரியா சாகுவே, சென்னையின் நீர்நிலைகளில் முதலைகள் உண்டு, கூச்ச சுபாவம் உள்ளவை, பயப்பட வேண்டாம், சீண்டாமல் இருங்கள் என்ற அர்த்தத்தில் எழுதியிருந்தார். எங்கள் ஏரியில் முதலை இருப்பது பால்காரருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

நான் லென்ஸில் போட்டேனா? இல்லை. பால்காரரைக் கேட்டேனா? அதுவும் இல்லை. சந்தேகப்பட்டேன், அதையே சரிபார்த்ததாக நினைத்துக்கொண்டேன். இன்றைக்கும் லிஃப்டில் பார்த்தால் ஒரு மாமி, "என்ன சார், முதலை சௌக்கியமா?" என்கிறார்.

மூன்றாம் கண் சொன்னது:

எல்லாம் சரி. சரிபார்க்கிறவனை யார் சரிபார்ப்பது? செய்தி சரிபார்க்கிற தளங்களில் யூடர்ன் ஒரு பக்கம், ஆல்ட் நியூஸ் ஒரு பக்கம் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். தமிழ்நாடு அரசுக்கு ஒரு தகவல் சரிபார்ப்பகம், மத்திய அரசுக்கு ஒன்று. அவரவர் அடுப்புக்கு அவரவர் விறகு. இதில் பவர்டேபிள்காரர் எதை நம்புவார்?

பழைய டெஸ்க் சொன்னது:

நியாயமான கேள்வி. அரசே தன்னைப் பற்றிய செய்தி பொய்யா என்று தீர்ப்புச் சொல்லலாமா என்பது கோர்ட்டுக்கே போய், அதற்கு வழிசெய்த மத்திய அரசின் விதியை மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. ஆகவே சந்தேகம் வரத்தான் வேண்டும்.

நான் பார்ப்பது ஒன்றுதான். கடைக்காரர் மொத்தத் தொகையை மட்டும் சொல்கிறாரா, பில்லைக் கையில் கொடுக்கிறாரா? "இது பொய்" என்று சிவப்பு முத்திரை குத்திவிட்டுப் போனால் அது இன்னொரு ஃபார்வர்டு. இந்தப் படம் இந்தத் தேதியில் இங்கே முதலில் வந்தது, இதோ இணைப்பு, இந்தக் காவல் நிலையத்தில் கேட்டோம் என்று வழியைக் காட்டினால், நீங்களும் அதே வழியில் நடந்து பார்க்கலாம். நடந்து பார்த்துச் சரியாக இருந்தால் அவர் எந்தக் கட்சி என்பது எனக்கு எதற்கு?

இன்னொன்று, யாருக்கு என்ன லாபம் என்று பாருங்கள். தம்பி, 2023-ல் நீங்கள் டிஜிபி வீடியோவைக் காட்டினீர்கள். தமிழ்நாட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று தமிழ்நாடு போலீஸ் சொல்வதில் பீகார் பையனுக்கு என்ன ஆறுதல்? அதே வாரம் பீகார் அரசே நான்கு அதிகாரிகளை அனுப்பியது. சென்னை, திருப்பூர், கோவை என்று சுற்றித் தொழிலாளர்களிடம் பேசினார்கள். பயத்துக்குக் காரணம் போலி வீடியோக்கள்தான் என்று அவர்களும் சொன்னார்கள். தன் ஊர்க்காரன் அடிபட்டிருந்தால் அதை மறைக்க அந்த அதிகாரிகளுக்கு ஒரு தேவையும் இல்லை. அந்தச் செய்தியை, அதுவும் இந்தியிலேயே, காட்டியிருந்தால் ஆறில் இரண்டு பேராவது நின்றிருப்பார்களோ என்னவோ.

பவர்டேபிள்காரன் சொன்னது:

எல்லாருக்கும் நன்றிங்க. நாலு நாள் கழித்து எழுதுகிறேன், ஒரு லாட் முடிக்க வேண்டியிருந்தது.

நேற்று ராத்திரி ஒன்றரை ஷிப்ட் முடிந்ததும் அந்தப் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். டெஸ்க் ஐயா சொன்ன மாதிரி, "எனக்கும் தெரியாது, வா பார்ப்போம்" என்றேன். முதலில் பயந்தான், கணக்கு முடிக்கிறேன் என்று நினைத்தானாம். கட்டிங் டேபிள் மேல் போனைச் சாய்த்து வைத்து ஓடவிட்டோம். சத்தத்தை அணைத்துவிட்டுப் பின்னணியை மட்டும் பார்த்தோம். சத்தம் இல்லாமல் பார்த்தால் பாதிப் பதற்றம் போய்விடுகிறதுங்க, இதை யாரும் சொல்லவில்லை.

பன்னிரண்டாவது நொடியில் ஒரு பைக் நிற்கிறது. நம்பர் முழுதாகத் தெரியவில்லை, ஆனால் முதல் இரண்டு எழுத்து டிஎன் இல்லை. அவன்தான் கண்டுபிடித்தான். ஓவர்லாக்கில் தையல் விட்ட இடத்தை ஓடுகிற துணியில் பிடிக்கிற கண் அவனுக்கு. அந்த இடத்தில் நிறுத்திப் படம் எடுத்து, கீழே இருந்த இந்தி எழுத்தை வெட்டிவிட்டு லென்ஸில் போட்டோம். முதல் படத்துக்கு ஏதேதோ கம்பம், ஏதேதோ சட்டை. மூன்றாவது படத்துக்கு விழுந்தது. இதே காட்சி, இரண்டு வருடம் முந்தைய தேதி. அங்கே எழுதியிருந்ததை அவன் படித்துச் சொன்னான். மாடு திருடியதாக ஒரு ஆளை அடித்தார்களாம். எந்த ஊர் என்று ஒரு பதிவில் ஒன்று, இன்னொரு பதிவில் வேறு. அதற்கு மேல் எங்களால் போக முடியவில்லை. போன வாரமும் இல்லை, தமிழ்நாடு என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை என்பது வரை சரி.

அவனே அம்மாவுக்குப் போன் போட்டான். என்ன பேசினான் என்று புரியவில்லை, "டேட்", "பைக்" இரண்டும் மட்டும் காதில் விழுந்தது. அந்தம்மா நம்பியதா என்று கேட்டேன். "பாதி" என்றான்.

30 லட்சத்தை அப்படியே விட மனசு வரவில்லை. பங்காளிகள் குரூப்பில், "நான் போட்டது தப்பு, 2011-ல் மாவட்டத்தின் மொத்தமே 24.79 லட்சம்" என்று போட்டேன். ஒருத்தர் கும்பிடு போட்டார். மச்சான் பதிலே போடவில்லை. ஒரு சித்தப்பா, நான் தப்பு என்று சொன்ன அந்தப் பழைய மெசேஜையே எடுத்து இன்னொரு முறை குரூப்பில் போட்டார், "அனைவரும் படிக்கவும்" என்று. என் பதிவை மட்டும் அவர் படிக்கவில்லை போல.

இன்று காலை நான் டீ குடித்துக்கொண்டே எதையோ பார்த்துச் சிரித்து, அனுப்பலாம் என்று விரலை வைத்தேன். ஓவர்லாக் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். "ஓனர், இது எந்த வருஷம்?"